உரைத்தொகுப்பியில் காட்சி அமைவுகளை நிலைப்படுத்துதல்: விம் செயலியை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

நிரலர்கள் கையாளும் உரைத்தொகுப்பிகளில் வரி எண், வரிமடிப்பு, வண்ணத் திட்டம், எழுத்துரு முதலிய காட்சி அமைவுகளைக் கட்டளை வழியாக மாற்றும்பொழுது, அம்மாற்றம் பெரும்பாலும் அந்த அமர்வோடு முடிந்துவிடுகிறது. அதனை அடுத்த அமர்வுக்கும் கொண்டுசெல்வது வெறும் சேமிப்புச் செயலன்று. எந்த அமைவு யாருக்கு, எந்தக் கோப்புக்கு, எந்தக் கணினிக்கு உரியது என்பதை வரையறுக்கும் முடிவாகும். விம் செயலியில் அமைவுகள் ஏற்றப்படும் முறையையும், சேமித்த அமைவு செயற்படாமற்போவதற்கான காரணங்களையும், உரையின் காட்சியை மாற்றும் அமைவுக்கும் உரையையே மாற்றும் அமைவுக்கும் இடையிலான வேறுபாட்டையும் இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ் இலக்கிய உரைகளை மின்வடிவில் பதிப்பிப்போர்க்கு இவ்வேறுபாடு ஏன் இன்றியமையாதது என்பதும் எடுத்துக்காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உரைத்தொகுப்பி, விம், காட்சி அமைவு, தொடக்கக் கோப்பு, இயல்நிலை, ஒருங்குறி, மின்பதிப்பு.

முன்னுரை

இலக்கிய உரைகளைக் கணினியில் உள்ளிட்டு, ஒப்பிட்டு, சொல்லடைவு உருவாக்கும் ஆய்வாளர்கள் சொற்செயலிகளை விட்டு எளிய உரைக்கோப்புகளுக்கு மாறிவருகின்றனர். எளிய உரைக்கோப்பில் எழுத்துகளைத் தவிர வேறெதுவும் இல்லை. எழுத்துருவோ நிறமோ பக்க அமைப்போ அதில் பதிவாவதில்லை. ஆகவே ஒரே கோப்பு ஒரு கணினியில் வரி எண்ணுடனும் மற்றொன்றில் அஃதின்றியும் தோன்றலாம். காட்சி முழுவதும் உரைத்தொகுப்பியின் பொறுப்பாகிறது.

இந்நிலையில் உரைத்தொகுப்பியைப் புதிதாகப் பயில்வோர் முதலில் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு ஒன்றுண்டு. வரி எண்களைக் காட்டுமாறு கட்டளையிட்டால் அவை தோன்றுகின்றன; செயலியை மூடித் திறந்தால் மறைந்துவிடுகின்றன. இது செயலியின் குறைபாடன்று, வடிவமைப்பின் விளைவு. இவ்வடிவமைப்பைப் புரிந்துகொள்ளாமல் இணையத்தில் கிடைக்கும் அமைவு வரிகளைப் படியெடுத்து ஒட்டுவோர், நாளடைவில் தம் உரைக்கே ஊறு நேர்வதை அறியாதுபோகக்கூடும். எனவே காட்சி அமைவுகளை நிலைப்படுத்தும் முறையைக் காரண காரியத் தொடர்புடன் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகிறது.

இக்கட்டுரையில் கட்டளைகள் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தரப்படுகின்றன. செயலியில் உள்ளிடும்பொழுது அவை ஆங்கில எழுத்துகளில் அமைதல் வேண்டும்.

விம் செயலியும் தொடக்கக் கோப்பும்

விம் செயலியின் முன்னோடி ‘வி’ ஆகும். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் 1976-ஆம் ஆண்டு அதனை உருவாக்கினார். நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலனார் அமிகா கணினிக்கென உருவாக்கி 1991-இல் வெளியிட்ட செயலியே விம். தொடக்கத்தில் ‘வி’யின் போலி எனப் பொருள்படும் பெயரையும், பின்னர் மேம்படுத்தப்பட்ட ‘வி’ எனப் பொருள்படும் பெயரையும் அது பெற்றது. 2023 ஆகஸ்டில் மறையும் வரை மூலனாரே அதன் முதன்மைப் பராமரிப்பாளராக விளங்கினார். 2014-இல் அதிலிருந்து கிளைத்த நியோவிம் தனி வழியில் வளர்ந்துவருகிறது.

விம்மில் ‘செட் நம்பர்’ என்னும் கட்டளை வரி எண்களைத் தோற்றுவிக்கிறது. இம்மாற்றம் கணினியின் நினைவகத்தில் மட்டுமே நிகழ்கிறது. செயலி மூடப்படும்பொழுது அந்நினைவகம் விடுவிக்கப்படுகிறது. மீண்டும் திறக்கும்பொழுது விம் ஒவ்வொரு தெரிவையும் இயல்நிலையிலிருந்தே தொடங்குகிறது. தேடல் வரலாறு, கட்டளை வரலாறு, குறியிட்ட இடங்கள் ஆகியவற்றை ‘விம்இன்ஃபோ’ என்னும் கோப்பில் விம் தானாகவே சேமித்துவைக்கிறது. ஆயின் தெரிவுகளை அக்கோப்பில் சேமிப்பதில்லை. நேற்றுத் தேடிய சொல் நினைவிலிருக்க, நேற்று இட்ட வரி எண் மறைந்துபோவதன் காரணம் இதுவே.

தெரிவுகளை நிலைப்படுத்துவதற்கெனத் தொடக்கக் கோப்பு ஒன்றுண்டு. அது ‘விம்ஆர்சி’ எனப்படும். ஈற்றிலுள்ள ‘ஆர்சி’ என்பது இயக்கவேண்டிய கட்டளைகள் எனப் பொருள்படும் பழைய வழக்கின் எச்சமாகும். விம் திறக்கும்பொழுதெல்லாம் இக்கோப்பிலுள்ள வரிகள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக இயக்கப்படுகின்றன. கட்டளை வரியில் முக்காற்புள்ளியுடன் உள்ளிடும் அதே கட்டளையை இங்கு முக்காற்புள்ளியின்றி எழுதினால் போதும். இதனால் ஓர் உண்மை தெளிவாகிறது: விம்மில் அமைவு ‘சேமிக்கப்படுவதில்லை’, ஒவ்வொரு முறையும் மீண்டும் இடப்படுகிறது. பின்வரும் சிக்கல்கள் பலவற்றுக்கும் இதுவே அடிப்படை.

லினக்ஸ், மேக் இயங்குதளங்களில் இக்கோப்பு பயனரின் முகப்பு அடைவில் புள்ளியுடன் தொடங்கும் பெயரைப் பெறுகிறது. புள்ளியுடன் தொடங்குவதால் வழக்கமான கோப்புப் பட்டியலில் அது தென்படுவதில்லை. விண்டோஸில் அடிக்கோட்டுடன் தொடங்கும் பெயர் வழங்குகிறது. முகப்பு அடைவிலுள்ள ‘விம்’ என்னும் புள்ளி அடைவுக்குள்ளும் இக்கோப்பு இருக்கலாம். இவ்விடங்களை விம் ஒரு வரிசைப்படி தேடி, முதலில் கிடைப்பதை மட்டும் படிக்கிறது. இரண்டு இடங்களிலும் கோப்பு இருந்தால் இரண்டாவது எவ்வித அறிவிப்புமின்றிப் புறக்கணிக்கப்படும். எழுதிய அமைவு செயற்படவில்லையெனின், எக்கோப்பு படிக்கப்பட்டது என்பதை முதலில் உறுதிசெய்தல் வேண்டும். ‘எக்கோ’ கட்டளையோடு ‘மைவிம்ஆர்சி’ என்னும் சூழல் மாறியை டாலர் குறியிட்டுப் பேரெழுத்தில் எழுதினால் அக்கோப்பின் முழு முகவரி காட்டப்படும்.

நடப்பு அமைவுகளைத் தானே எழுதித்தரும் ‘எம்கேவிம்ஆர்சி’ என்னும் கட்டளையும் உண்டு. ஆயின் அது முகப்பு அடைவில் எழுதுவதில்லை. அப்பொழுது நின்றிருக்கும் அடைவிலேயே எழுதுகிறது. பணி அடைவில் உருவான கோப்பை விம் இயல்பாகப் படிக்காது என்பதால், இக்கட்டளையை நம்பியோர் தம் அமைவு சேமிக்கப்பட்டதாகக் கருதி ஏமாற்றமடைகின்றனர்.

ஒன்றைச் சேமிக்க மற்றவை மறைதல்

2016-இல் வெளிவந்த விம் 8.0 பதிப்பு முதல் ‘டிஃபால்ட்ஸ் விம்’ என்னும் இயல்நிலைக் கோப்பு செயலியோடு வழங்கப்படுகிறது. பயனருக்கெனத் தொடக்கக் கோப்பு ஏதும் இல்லாதபொழுது மட்டுமே இது ஏற்றப்படும். தொடரமைப்புக்கு வண்ணமிடல், இடஞ்சுட்டியின் நிலையைக் கீழ்வரியில் காட்டல், தட்டச்சிடும்பொழுதே தேடல், கோப்பு வகையை அறிந்து அதற்கேற்ப உள்தள்ளல் ஆகியவை இதன்வழிக் கிடைப்பவை.

இங்கேதான் புதியவர்களைத் திகைக்கச் செய்யும் நிகழ்வு நேர்கிறது. வரி எண் நிலைபெற வேண்டுமென்று ‘செட் நம்பர்’ என்னும் ஒரே வரியுடன் தொடக்கக் கோப்பு ஒன்றை உருவாக்குகின்றனர். அடுத்த முறை திறக்கும்பொழுது வரி எண் தோன்றுகிறது. அதுவரை இருந்த வண்ணங்கள் மறைந்துவிடலாம். பயனரின் கோப்பு உருவானதால் இயல்நிலைக் கோப்பு ஏற்றப்படவில்லை என்பதே காரணம். தாம் எழுதிய வரியே பிழையெனக் கருதிக் கோப்பை நீக்கிவிட்டால் வண்ணம் மீள்கிறது, வரி எண் போகிறது. இரண்டில் ஒன்றே வாய்க்கும் என்ற தவறான முடிவுக்கு இது இட்டுச்செல்கிறது.

தீர்வு எளிது. தொடக்கக் கோப்பின் முதல் வரியாக, விம்மின் இயக்கநேர அடைவிலுள்ள இயல்நிலைக் கோப்பை ‘சோர்ஸ்’ கட்டளையால் அழைத்துக்கொள்ள வேண்டும். அதன்பின் எழுதப்படும் வரிகள் அவ்வியல்நிலைகளின்மேல் அமையும் மாற்றங்களாகும். வரிசை இங்கு முதன்மையானது. இயல்நிலைக் கோப்பை இறுதியில் அழைத்தால் பயனரின் அமைவுகளில் சிலவற்றை அது மேலெழுதிவிடும். நியோவிம்மில் இத்தகைய இயல்நிலைகள் பல செயலிக்குள்ளேயே அமைந்துள்ளமையால் இச்சிக்கல் எழுவதில்லை.

ஏற்ற வரிசையும் மேலெழுதலும்

சரியான கோப்பில் சரியாக எழுதிய அமைவும் சிலவேளைகளில் செயற்படுவதில்லை. தொடக்கக் கோப்புக்குப் பின்னும் அமைவுகள் ஏற்றப்படுகின்றமையே இதற்குக் காரணம். கணினி முழுமைக்குமான அமைவுக் கோப்பு முதலிலும், பயனரின் தொடக்கக் கோப்பு அதன்பின்னும், செருகுநிரல்கள் அதற்கடுத்தும் ஏற்றப்படுகின்றன. ஒரு கோப்பைத் திறக்கும்பொழுது அக்கோப்பு வகைக்குரிய அமைவுகளும், அக்கோப்புக்குள்ளேயே எழுதப்பட்ட அமைவுகளும் செயற்படுகின்றன. பின்வருவது முன்னதை வெல்லும் என்பதே விதி.

எடுத்துக்காட்டாக, உள்தள்ளல் இரண்டு இடமாக அமையவேண்டுமெனப் பயனர் தொடக்கக் கோப்பில் எழுதியிருக்கலாம். எனினும் பைத்தான் நிரல் ஒன்றைத் திறந்தால் நான்கு இடமே காணப்படும். பைத்தான் வகைக்கென விம்மோடு வரும் கோப்பு, பயனரின் அமைவுக்குப் பின் ஏற்றப்பட்டு அதனை மேலெழுதுகிறது. இதனை மாற்ற விரும்புவோர் தம் விம் அடைவுக்குள் ‘ஆஃப்டர்’ என்னும் அடைவையும், அதனுள் ‘எஃப்டிபிளகின்’ என்னும் அடைவையும் உருவாக்கி, அங்கே அவ்வகையின் பெயரில் ஒரு கோப்பை எழுதவேண்டும். பெயருக்கேற்ப அது இறுதியில் ஏற்றப்படும்.

இவ்வாறான முரண்களைக் கண்டறிய ‘வெர்போஸ் செட்’ என்னும் கட்டளை பெரிதும் உதவுகிறது. தெரிவின் பெயரையும் வினாக்குறியையும் அதனோடு சேர்த்தால், அத்தெரிவின் நடப்பு மதிப்பும், அதனைக் கடைசியாக மாற்றிய கோப்பின் பெயரும் காட்டப்படும். ஊகத்தின் இடத்தில் சான்றை வைக்கும் கட்டளை இது. ஏற்றப்பட்ட கோப்புகள் அனைத்தையும் வரிசையாகக் காண ‘ஸ்கிரிப்ட்நேம்ஸ்’ கட்டளையைப் பயன்படுத்தலாம்.

தெரிவுகளின் எல்லையையும் இங்குக் கருத்திற்கொள்ள வேண்டும். விம்மில் சில தெரிவுகள் செயலி முழுமைக்கும் உரியவை. சில ஒரு கோப்பின் இடையகத்துக்கு உரியவை. சில ஒரு சாளரத்துக்கு மட்டும் உரியவை. வரி எண்ணும் வரிமடிப்பும் சாளரத்துக்குரியவை. ‘செட்லோக்கல்’ என்னும் கட்டளை நடப்புச் சாளரத்தை அல்லது இடையகத்தை மட்டும் மாற்றும். பிறர் எழுதிய வரிகளைப் படியெடுக்கும்பொழுது ‘செட்லோக்கல்’ தொடக்கக் கோப்பில் இடம்பெற்றுவிட்டால், முதலில் திறக்கும் கோப்பில் மட்டும் அமைவு தோன்றிப் பிறவற்றில் காணாமற்போகும். தொடக்கக் கோப்பில் ‘செட்’ என்பதே தக்கது. கோப்பு வகைக்குரிய அமைவுகளில் ‘செட்லோக்கல்’ தக்கது.

வண்ணமும் எழுத்துருவும்

வண்ணத் திட்டத்தை நிலைப்படுத்த ‘கலர்ஸ்கீம்’ கட்டளையையும் திட்டத்தின் பெயரையும் தொடக்கக் கோப்பில் எழுதலாம். அத்திட்டத்தில் சிறு மாற்றம் செய்வோர் வரிசையில் தவறுவதுண்டு. பெரும்பாலான வண்ணத் திட்டங்கள் தொடங்கும்பொழுதே முன்னுள்ள வண்ண அமைவுகளை அழித்துவிடுகின்றன. எனவே பயனர் தம் வண்ணத்தை முதலில் எழுதித் திட்டத்தைப் பின்னர் அழைத்தால் அவ்வண்ணம் நிலைக்காது. திட்டம் மாறும்பொழுதெல்லாம் இயங்குமாறு ஒரு தன்னியக்கக் கட்டளையாக அதனை எழுதுவதே உறுதியான முறையாகும்.

எழுத்துருவைப் பொறுத்தவரை ஓர் அடிப்படை வேறுபாடு உணரப்படவேண்டும். விம் முனையத்துக்குள் இயங்கும்பொழுது எழுத்துருவை வரைவது விம் அன்று, முனையச் செயலி. அங்கே எந்த விம் அமைவும் எழுத்துருவை மாற்றாது. முனையத்தின் அமைவிலேயே மாற்றி அங்கேயே சேமிக்க வேண்டும். வரைகலைச் சாளரமுடைய ஜிவிம் செயலியில் மட்டுமே ‘குயிஃபாண்ட்’ என்னும் தெரிவு பயன்படும். அதற்கு உடுக்குறியை மதிப்பாகத் தந்தால் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி திறக்கும். அவ்வாறு தேர்ந்ததும் அமர்வோடு முடிவதே. தேர்ந்தபின் ‘செட் குயிஃபாண்ட்’ என்பதோடு வினாக்குறியிட்டுக் கிடைக்கும் பெயரைத் தொடக்கக் கோப்பில் எழுதவேண்டும். லினக்ஸ் ஜிவிம்மில் எழுத்துருப் பெயரின் இடைவெளிக்குமுன் பின்சாய்கோடு இடாவிட்டால், இடைவெளிக்குப் பின்னுள்ள பகுதியை விம் வேறொரு தெரிவாகக் கொண்டு பிழைச்செய்தி காட்டும்.

காட்சியை மாற்றும் அமைவும் உரையை மாற்றும் அமைவும்

இதுவரை கூறியவை அமைவு நிலைக்காமற்போவதன் காரணங்கள். நிலைக்கக்கூடாத அமைவு நிலைத்துவிடுவது அதனினும் பெரிய இடராகும். திரையில் ஒரே தோற்றத்தைத் தரும் இரண்டு அமைவுகளில் ஒன்று காட்சியை மட்டும் மாற்றுவதாகவும் மற்றொன்று கோப்பையே மாற்றுவதாகவும் இருக்கலாம்.

நீண்ட வரிகளைத் திரைக்குள் அடக்கும் தெரிவுகளை இதற்குச் சான்றாகக் காட்டலாம். ‘ராப்’ என்னும் தெரிவு நீண்ட வரியைத் திரையின் விளிம்பில் மடித்துக் காட்டுகிறது. அது தனித்து இருந்தால் சொல்லின் நடுவிலும் மடிப்பு விழும். ‘லைன்பிரேக்’ என்னும் தெரிவையும் சேர்த்தால் சொல்லின் எல்லையில் மடியும். இவ்விரண்டாலும் கோப்பில் ஒரு பைட்டும் மாறுவதில்லை. எத்தனை மடிப்பாகத் தோன்றினும் அது ஒரே வரி. ஒரே வரி எண்ணைப் பெறும். ‘டெக்ஸ்ட்விட்த்’ என்னும் தெரிவோ அவ்வாறன்று. தட்டச்சிடும் வரி குறித்த அகலத்தைத் தாண்டியதும், இடைவெளியுள்ள இடத்தில் மெய்யான வரிமுறிவை அது கோப்பில் செருகுகிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

நிரலாக்கத்திலும் இது கவனிக்கத்தக்கதே. செய்யுளைப் பதிப்பிப்போர்க்கோ இது தவிர்க்கவியலாத கவலை. செய்யுளில் அடி என்பது யாப்பின் உறுப்பு. அடிக்கு ஒரு வரியென உள்ளிட்ட கோப்பில் வரிமுறிவு என்பது அலங்காரமன்று, தரவு. ‘டெக்ஸ்ட்விட்த்’ அமைவோடு, பத்தியைத் தானே மறுவடிவாக்கும் குறியும் தொடக்கக் கோப்பில் இடம்பெற்றிருந்தால், ஓர் எழுத்தைத் திருத்தியவுடனேயே அடுத்தடுத்த அடிகள் ஒரே பத்தியாகக் கருதப்பட்டு ஒன்றோடொன்று சேர்ந்து, புதிய இடங்களில் முறியக்கூடும். நாற்சீரடிகள் வசனம்போல் கலந்துவிடும். பிழை ஒரு கோப்போடு நிற்பதில்லை. தொடக்கக் கோப்பில் இருப்பதால் திறக்கும் கோப்பு ஒவ்வொன்றுக்கும் பரவுகிறது. வரி எண்ணை அடிப்படையாகக் கொண்ட சொல்லடைவும் பாடவேறுபாட்டு அட்டவணையும் அதன்பின் மூலத்தோடு ஒத்துவாரா.

ஆகவே, ஓர் அமைவைத் தொடக்கக் கோப்பில் எழுதுமுன் எளிய சோதனை ஒன்றை மேற்கொள்ளலாம். கோப்பின் படி ஒன்றில் அமைவை இட்டு, சில வரிகளைத் திருத்திச் சேமித்து, மூலக் கோப்போடு ஒப்பீட்டுக் கருவியால் ஒப்பிடவேண்டும். திருத்திய இடங்கள் மட்டும் வேறுபட்டால் அது காட்சி அமைவு. தொடாத வரிகளும் வேறுபட்டால் அது உரையை மாற்றும் அமைவு.

அமைவை எங்கே வைப்பது

நிலைப்படுத்தும் இடங்களை மூன்றாகப் பகுக்கலாம். பயனரின் கண்ணுக்கும் பழக்கத்துக்கும் உரியவை பயனரின் தொடக்கக் கோப்பில் அமையவேண்டும். வண்ணம், எழுத்துரு, வரி எண் ஆகியன இவ்வகையின. பலர் கூடிச் செய்யும் திட்டத்துக்குப் பொதுவானவை திட்ட அடைவில் அமையவேண்டும். குறியேற்றம், வரியீற்றுக் குறி, உள்தள்ளல் ஆகியன இவ்வகையின. ஒரு கோப்புக்கு மட்டும் உரியவை அக்கோப்போடு அமையலாம்.

திட்ட நிலையில் ‘எடிட்டர்கான்ஃபிக்’ என்னும் பொது வடிவம் வழக்கிலுள்ளது. வெவ்வேறு உரைத்தொகுப்பிகளைப் பயன்படுத்துவோரும் ஒரே விதியைப் பின்பற்ற அது வழிசெய்கிறது. நியோவிம் 0.9 பதிப்பு 2023-இல் இதற்கான ஆதரவைத் தன்னுள் கொண்டுவந்தது. இவ்வடிவத்தின் வரையறையில் எழுத்துருவோ வண்ணமோ வரி எண்ணோ இடம்பெறவில்லை என்பது கருதத்தக்கது. காட்சி தனிமனிதர்க்குரியது, உரை கூட்டுக்குரியது என்னும் பகுப்பை அது நடைமுறையாக்கியுள்ளது எனலாம்.

பிற செயலிகளும் இப்பகுப்பைத் தத்தம் முறையில் கையாளுகின்றன. ஈமாக்ஸின் அமைவுப் பக்கத்தில் ‘ஏற்றல்’, ‘ஏற்றுச் சேமித்தல்’ என்னும் பொருளுடைய இரு பொத்தான்கள் தனித்தனியே உள்ளன. முதலாவது அமர்வோடு முடியும், இரண்டாவது நிலைக்கும். மைக்ரோசாஃப்ட் 2015-இல் அறிமுகப்படுத்திய விஷுவல் ஸ்டுடியோ கோடு, அமைவுப் பக்கத்தில் செய்யும் மாற்றத்தை உடனே கோப்பில் எழுதிவிடுகிறது. பயனர் அமைவு, பணிவெளி அமைவு என இரண்டாகப் பகுத்து, முரண் நேரின் பணிவெளி அமைவையே அது ஏற்கிறது.

கோப்புக்குள் அமைவை எழுதும் முறை விம்மில் ‘மோட்லைன்’ எனப்படும். கோப்பின் முதல் ஐந்து அல்லது இறுதி ஐந்து வரிகளுக்குள் விம்மின் பெயரோடு அமைவை எழுதினால், கோப்பைத் திறக்கும்பொழுது அது செயற்படும். இம்முறையில் ஓர் ஆபத்தும் உண்டு. கோப்பைத் திறப்பவர் எழுதாத கட்டளை அவருடைய கணினியில் இயங்குகிறது. 2019-இல் வெளிப்பட்ட பாதுகாப்புக் குறை இதனை மெய்ப்பித்தது. தீய நோக்குடன் எழுதப்பட்ட மோட்லைன் உள்ள உரைக்கோப்பைத் திறந்த அளவிலேயே, கணினியில் எக்கட்டளையையும் இயக்க அக்குறை இடந்தந்தது. சிவிஇ-2019-12735 என்னும் எண்ணால் அது சுட்டப்படுகிறது. விம் 8.1.1365, நியோவிம் 0.3.6 ஆகியவற்றுக்கு முந்தைய பதிப்புகள் அதனால் தாக்குறக்கூடியவை. பிந்தையவற்றில் அது களையப்பட்டது. விஷுவல் ஸ்டுடியோ கோடு 2021-இல் பணிவெளியை நம்புவதா என வினவும் முறையைக் கொண்டுவந்ததும் இத்தகைய இடர்களைக் கருதியே. பிறரிடமிருந்து கோப்புகளைப் பெறும் ஆய்வாளர்கள் ‘செட் நோமோட்லைன்’ என்னும் வரியைத் தொடக்கக் கோப்பில் எழுதிவிடுவது நன்று.

தமிழ் உரைகளுக்குரிய அமைவுகள்

1990-களில் தமிழ்க் கோப்புகளைப் படிப்பதற்கு அவற்றை உருவாக்கிய அதே எழுத்துரு தேவைப்பட்டது. குறியேற்றம் எழுத்துருவோடு பிணைந்திருந்தமையால், எழுத்துரு அமைவை மாற்றினால் உரையே வேறு குறிகளாகத் தோன்றியது. 1999-இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் தரங்களை ஏற்றதும், இணையத்தில் டிஸ்கி வழங்கியதும் இச்சிதறலைக் குறைக்கும் முயற்சிகளாகும். 1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது; தமிழ்நாடு அரசு 2010-இல் அதனைத் தரமாக ஏற்றது. ஒருங்குறியால் விளைந்த அடிப்படை நன்மை, உரையும் காட்சியும் பிரிந்தமையே. ஆகவே பழைய குறியேற்றத்திலுள்ள கோப்பு சிதைந்து தோன்றினால் எழுத்துரு அமைவை மாற்றி நிலைப்படுத்துவது தீர்வாகாது. கோப்பை ஒருங்குறிக்கு மாற்றுவதே தீர்வு.

தமிழ் உயிர்மெய் எழுத்து ஒருங்குறியில் மெய்க்குரிய அடிப்படைக் குறியும் உயிர்க்குறியும் சேர்ந்து அமைகிறது. விம் இவ்விரண்டையும் இயல்பாக ஓர் எழுத்தாகவே நீக்கும்: ‘கி’ என்பதன்பின் பின்னழி விசையை அழுத்தினால் முழு எழுத்தும் போய்விடும். ‘டெல்கம்பைன்’ என்னும் தெரிவை இட்டால் உயிர்க்குறி மட்டும் நீங்கி ‘க’ எஞ்சும். நெடில் குறில் மாற்றங்களை மிகுதியாகத் திருத்தும் பதிப்புப் பணியில் இவ்வமைவு பயன்தரும்.

ஒப்பீட்டுப் பணிக்கு ‘லிஸ்ட்’ தெரிவும் துணைசெய்கிறது. கண்ணுக்குத் தெரியாத தத்தல், வரியீற்று வெற்றிடம் ஆகியவற்றைக் குறிகளால் காட்டுமாறு இதனை ‘லிஸ்ட்சார்ஸ்’ தெரிவோடு சேர்த்து அமைக்கலாம். ஓர் அடியின் ஈற்றில் மிகையாக நிற்கும் வெற்றிடம், ஒப்பீட்டுக் கருவியில் பாடவேறுபாடாகவே காட்டப்படும். அதனை முன்னரே கண்டு நீக்கினால் மெய்யான பாடவேறுபாடுகள் மட்டும் எஞ்சும். முனையத்தின் கட்டங்கள் ஒரே அகலமுடையவை. தமிழ் எழுத்துகளோ அகலத்தில் வேறுபடுபவை. எனவே சில எழுத்துகள் நெருங்கியோ ஒன்றன்மேல் ஒன்றாகவோ தோன்றுவதுண்டு. அதனைப் பிழையெனக் கருதி உரையில் வெற்றிடம் சேர்ப்பது, காட்சிக்காக உரையைக் கெடுப்பதாகும்.

பொதுக் கணினிகளில் நிலைபேறு

ஆய்வகக் கணினிகளில் முகப்பு அடைவு பலருக்கும் பொதுவாக இருக்கலாம். அல்லது ஒவ்வொரு நாளும் அழிக்கப்படலாம். அங்கே தம் தொடக்கக் கோப்பை விரலியில் வைத்திருந்து, விம்மைத் திறக்கும்பொழுது ‘யூ’ என்னும் சிற்றெழுத்துக் கொடியோடு அக்கோப்பின் முகவரியைத் தரலாம். இவ்வாறு திறக்கும்பொழுது விம் பழைய ‘வி’யோடு ஒத்திசையும் நிலையில் தொடங்கும் என்பதை மறத்தலாகாது. வழக்கமாகச் செயற்படும் சில வசதிகள் அப்பொழுது நின்றுவிடும். முன்னர்க் கூறியவாறு இயல்நிலைக் கோப்பை முதல் வரியில் அழைத்திருந்தால் அந்நிலையும் தானே நீங்கும்.

தொடக்கக் கோப்பை கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டு அமைப்பில் வைப்பதும் நன்று. எந்த நாளில் எந்த அமைவு சேர்ந்தது என்பது பதிவாகிறது. ஒவ்வொரு வரிக்கும் மேலே அதன் காரணத்தைக் குறிப்புரையாக எழுதிவைத்தால், பொருள் புரியாத வரிகள் கோப்பில் தேங்குவது தவிர்க்கப்படும்.

முடிவுரை

காட்சி அமைவு நிலைக்காமற்போவதற்குப் பெரும்பாலும் நான்கு காரணங்களே அமைகின்றன: அமைவு எங்கும் எழுதப்படாமை, விம் படிக்காத கோப்பில் எழுதப்பட்டமை, பின்னர் ஏற்றப்படும் கோப்பால் மேலெழுதப்பட்டமை, முனையம் போன்ற வேறொரு செயலிக்கு உரியதாயிருத்தல். ‘வெர்போஸ் செட்’ கட்டளையின் துணையோடு இவற்றை ஒவ்வொன்றாக விலக்கிக் காரணத்தை அடையலாம்.

நிலைப்படுத்துமுன் இரு வினாக்கள் எழுப்பப்படவேண்டும். இவ்வமைவு காட்சியை மாற்றுவதா, உரையை மாற்றுவதா? இது பயனருக்கு உரியதா, திட்டத்துக்கு உரியதா, கோப்புக்கு உரியதா? காட்சியைச் சார்ந்ததைத் தயக்கமின்றிப் பயனரின் தொடக்கக் கோப்பில் எழுதலாம். உரையைச் சார்ந்ததை அது தேவைப்படும் கோப்பு வகைக்கோ திட்டத்துக்கோ மட்டும் வரையறுக்க வேண்டும். ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்தபொழுது அடி பிரித்துப் பதிப்பிக்கப் பதிப்பாசிரியர்கள் உழைத்த உழைப்பு பெரிது. அவ்வடிப் பிரிப்பு இன்று உரைக்கோப்பின் வரிமுறிவுகளிலேயே தங்கியுள்ளது. தொடக்கக் கோப்பின் ஒரு வரியால் அது குலையாமல் காப்பது மின்பதிப்பாளரின் கடமையாகிறது.